கிழவர் பிழைத்தார், வாலிபர் மூழ்கினார்!

இரண்டாம் உலக யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சுறாமீன் மாதிரி வளைய வந்துகொண்டிருந்தன. பிரிட்டனுக்குக் கோதுமையும் எண்ணெயும் ஏற்றி வரும் சரக்குக் கப்பல்கள்தான் அவற்றின் குறி. ஒரே ஒரு டார்பிடோ. டமார்! கப்பல் தண்ணீருக்குள். தப்பித்தவர்கள் உயிர்காப்புப் படகில் தொற்றிக்கொண்டு, எலும்பு வரை இறங்கும் குளிரில், நடுக்கடலில் மிதக்க வேண்டும். யாராவது வந்து தூக்கினால் உண்டு. இல்லையேல் அவ்வளவுதான்.

அப்படித் தூக்கப்பட்ட படகுகளில் ஒரு விசித்திரம் இருந்தது. உயிரோடு இருந்தவர்களில் நரைத்த தலைகள் ஜாஸ்தி. இருபது வயசுக் கட்டிளங்காளைகள்தான் அதிகம் செத்துப்போயிருந்தார்கள்.

லிவர்பூலில் 'புளூ ஃபனல்' என்ற பெரிய கப்பல் கம்பெனி. அதன் பங்குதாரர்களில் ஒருவர் லாரன்ஸ் ஹோல்ட். அவருடைய கப்பல்களும் மூழ்கின. அவருடைய பையன்களும் செத்தார்கள். மனுஷனுக்கு மனசு ஆறவில்லை. வாலிபனுக்கு உடம்பில் பலம் இருக்கிறது. கிழவருக்கு மூட்டுவலி, இருமல், எல்லாம் இருக்கிறது. ஆனாலும் கிழவர் பிழைக்கிறார். எப்படி?

யோசித்ததில் அவருக்குப் பிடிபட்டது இதுதான். கிழவர்கள் பாய்மரக் கப்பலில் வளர்ந்தவர்கள். நனைந்து, காய்ந்து, பட்டினி கிடந்து பழகியவர்கள். எந்தப் புயலும் என்றாவது ஒருநாள் ஓயும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். இருக்கிற பிஸ்கட்டை எட்டாகப் பிய்த்துக் கொடுக்கத் தெரியும். வாலிபர்கள் நீராவிக் கப்பலில் மெஷின் படித்துப் பாஸானவர்கள். உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்ததே கிடையாது. முதல்முறையாக அடித்தபோது, 'முடிந்தது' என்று கையை விட்டுவிட்டார்கள்.

இந்தக் கவலையைத் தூக்கிக்கொண்டு ஹோல்ட் பேசப்போன ஆள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

★

பெயர் குர்ட் ஹான். 1886-ல் பெர்லினில் பிறந்த யூதர். ஜெர்மனியில் 'சாலெம்' என்ற இடத்தில் 1920-லிருந்து ஒரு பள்ளி நடத்தியவர். 1932-ல் ஹிட்லரின் ஆட்கள் ஒரு தொழிலாளியைக் கொன்றார்கள். கொன்றவர்களை ஹிட்லர் பகிரங்கமாக ஆதரித்தார். ஹான் சும்மா இருக்கவில்லை. தன் பழைய மாணவர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதினார்: சாலெமா, ஹிட்லரா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று. (ஆண்டுவிழாவுக்கு எம்.எல்.ஏ.வை அழைக்காமல் விடுவதற்கே நம்மூர் ஹெட்மாஸ்டர்களுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.) 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு வரைக்கும் சிபாரிசு போய்த்தான் விடுதலை. நேராக பிரிட்டனுக்கு வந்தவர், 1934-ல் ஸ்காட்லாந்தில் 'கார்டன்ஸ்டன்' என்ற பள்ளியைத் தொடங்கினார். ஆரம்பகால மாணவர்களில் ஒருவர், பிற்பாடு எலிசபெத் ராணியின் கணவரான இளவரசர் பிலிப்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகளை வெயிலுக்கும் மழைக்கும் விரட்டிய இந்த வாத்தியாருக்கு வெயிலே ஆகாது! இளவயதில் கடுமையான வெயில் தாக்கி, வாழ்நாள் முழுக்க அகலமான தொப்பியோடுதான் நடமாடினார்.

ஹோல்ட்டின் பணம், ஹானின் யோசனை. 1941-ல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டவி என்ற ஊரில் ஒரு பள்ளி பிறந்தது. பாடத்திட்டம் சுமார் ஒரு மாதம். கப்பலுக்குப் போகிற பையன்கள் மட்டுமல்ல, தொழிற்சாலைப் பையன்கள், பள்ளிக்கூடப் பையன்கள், எல்லோரும் கலந்து. படகு விடு, மலை ஏறு, வரைபடம் பார்த்து வழி கண்டுபிடி, நாலு பேருக்குச் சமைத்துப் போடு. பையனைக் கடலுக்காகத் தயார் பண்ணுவது நோக்கமில்லை. கடலைக் கொண்டு பையனைத் தயார் பண்ணுவதுதான் நோக்கம் என்று ஹோல்ட் தெளிவாகவே இருந்தார். துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பலுக்கு ஆங்கிலத்தில் சொல்கிற வார்த்தையையே பள்ளிக்கும் வைத்தார்: 'அவுட்வர்ட் பவுண்ட்'.

இன்று உலகத்தில் பல நாடுகளில் இந்தப் பெயரில் பள்ளிகள் இருக்கின்றன. 'அவுட்டோர் எஜுகேஷன்' என்று உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு பாடமே நடக்கிறது. (தமிழில் 'திறந்தவெளிக் கல்வி' என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் நம்மூரில் அப்படிச் சொன்னால் கூரை பறந்துபோன பஞ்சாயத்துப் பள்ளி ஞாபகம் வருகிறது.)

ஹானைத் தலையில் தூக்கி வைத்துக் கூத்தாட வேண்டாம். அவருடைய கார்டன்ஸ்டனில் பிலிப் சந்தோஷமாக இருந்தார். ஆனால் பிலிப்பின் மகன், இன்றைய மன்னர் சார்லஸ், அங்கே பட்ட கஷ்டம் ஊரறிந்த கதை. அப்பாவுக்கு அமிர்தம், பிள்ளைக்குக் கஷாயம்.

★

"இதென்ன சார் பெரிய விஷயம்? நாங்களும்தான் ஸ்கூல்ல எக்ஸ்கர்ஷன் போயிருக்கோம்!" என்கிறீர்களா?

போயிருக்கிறோம். விடிகாலை நாலு மணிக்கு ஸ்கூல் வாசலில் ஆஜர். வீடியோ கோச். கிளம்பின பத்தாவது நிமிஷம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும் ஒரு மகானுபாவன். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் அதை ஜன்னல் வழியாகத் திருப்பித் தரும் அதே மகானுபாவன். மகாபலிபுரத்தில் அர்ஜுனன் தபசு முன்னால் குரூப் போட்டோ. பி.டி. மாஸ்டர் விசில் ஊதி 'எண்ணிப் பார்த்து' பஸ்ஸில் ஏற்றுவார். ஒரு தலை குறையும். சங்குமணிக் கடையில் பிடித்து இழுத்து வருவார்கள். திரும்பி வந்ததும், 'நான் சென்ற சுற்றுலா' என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் கட்டுரை. முடிந்தது!

குறை சொல்லவில்லை. ஆனந்தமான நாள்தான். ஆனால் அது உல்லாசப் பயணம். அதில் மாணவன் ஒரு பார்சல். ஏற்றுவார்கள், இறக்குவார்கள், எண்ணுவார்கள். அவன் எடுக்க வேண்டிய முடிவு அதிகபட்சம் குச்சி ஐஸா, கப் ஐஸா என்பதுதான்.

அவுட்டோர் எஜுகேஷனில் முடிவு அவன் கையில். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சின்னக் குழு. கையில் வரைபடமும் திசைகாட்டியும். முதல் இரண்டு நாள் பயிற்சியாளர் முன்னால் நடப்பார். அப்புறம் பக்கத்தில். கடைசியில், கண்ணுக்கு எட்டும் தூரத்தில், பின்னால். எந்தப் பக்கம் திரும்புவது என்று பையன்கள்தான் சண்டை போட்டு முடிவு பண்ண வேண்டும். தப்பான பக்கம் திரும்பினால் ரெண்டு கிலோமீட்டர் வெட்டி நடை. ஆற்றங்கரை மணலில் கூடாரம் போடாதே என்று சொல்லியும் போட்டால், ராத்திரி ரெண்டு மணிக்குப் படுக்கை மிதக்கும். அரிசியை மூட்டையிலேயே மறந்துவிட்டு வந்தால் ராத்திரி பட்டினி. திட்டுகிறவர் யாருமில்லை, மார்க் குறைக்கிறவர் யாருமில்லை. ஆனால் அந்தத் தப்பை அந்தப் பையன் ஆயுசுக்கும் மறுபடி பண்ண மாட்டான்.

சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, இன்றைக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று பேச வேண்டும். யார் சுமையை யார் வாங்கிக்கொண்டார், யார் கடைசி வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார், எல்லாம் வெளியே வரும். முக்கியமான வகுப்பே அதுதான் என்று இந்தத் தொழிலில் ஊறியவர்கள் சொல்வார்கள்.

இதெல்லாம் பதினாலு, பதினைந்து, பதினாறு வயசுக்கு ஏன்? பக்கத்து வீட்டில் அந்த வயசுப் பிள்ளை இருந்தால் கவனித்துப் பாருங்கள். ஷூ சைஸ் எட்டு. குரல் உடைந்தாயிற்று. ஆனால் வீட்டில் அவன் தனியாகச் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே காரியம், குடத்தை நகர்த்துவது. ஒன்பதாவதிலேயே பத்தாவது போர்ஷன். டியூஷன் விட்டு டியூஷன். அவனுக்கும் ஏதாவது ஒரு இடத்தில் தன்னை உரசிப் பார்க்கணும் என்று தவிப்பு இருக்கத்தானே செய்யும்? வழி கிடைக்காதவன் மோட்டார் பைக்கில் உரசிப் பார்க்கிறான். ஓடுகிற ரயிலின் படிக்கட்டில் உரசிப் பார்க்கிறான்.

நான் பி.காம். வரவு செலவு பார்க்காமல் எதையும் நம்புகிற ஜாதி இல்லை. 'மலை ஏறினால் மனோதைரியம் வரும்' என்று சொல்கிறார்களே, அது கீழே இறங்கின பிறகும் தங்குமா என்று கேட்கத் தோன்றும். கேட்டிருக்கிறார்கள். 1997-ல் ஜான் ஹாட்டி என்ற கல்வி ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் இந்த மாதிரி முகாம்களைப் பற்றிய 96 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி அலசினார்கள். சாதாரணமாக ஒரு விசேஷப் பயிற்சி முடிந்தால், அதன் பலன் மெல்ல மெல்லக் கரைந்துபோகும். (நாம் படித்த டைப்ரைட்டிங் மாதிரி.) இங்கே, முகாம் முடிந்த பிறகும் தன்னம்பிக்கை கூடிக்கொண்டே போனது தெரிந்தது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: முகாமுக்கு முகாம் பலன் மலைக்கும் மடுவுக்குமாக வித்தியாசப்பட்டது. இருபது நாளைத் தாண்டிய முகாம்கள்தான் நன்றாகப் பலன் கொடுத்தன. ஆகவே ஒரு நாள் கூத்தில் ஆளுமை வளர்ச்சி என்று யாராவது நோட்டீஸ் அடித்தால், பர்ஸை உள்ளே வையுங்கள்.

★

இனி இன்னொரு படகுக் கதை. முதல் கதையில் படகிலிருந்த வாலிபர்களுக்குப் பயிற்சி இல்லை. இதில் பயிற்சிக்காகவே படகில் ஏற்றினார்கள்.

1993, மார்ச் 22. இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்ற ஊர். பிளைமவுத் நகரப் பள்ளி ஒன்றிலிருந்து எட்டு மாணவர்கள், கூட ஒரு ஆசிரியர். ஒரு தனியார் சாகச மையம். அதன் பயிற்சியாளர்கள் இரண்டு பேர். 'கயாக்' என்கிற ஒற்றை ஆள் துடுப்புப் படகில் ஏறி, பக்கத்து ஊரான சார்மத் வரைக்கும் போக வேண்டும். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அன்றைக்குக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. கடற்கரை ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள், இது ஏமாற்றுக் காற்று. கரையோரத்தில் தண்ணீர் தட்டு மாதிரி அமைதியாக இருக்கும். நூறு கெஜம் உள்ளே போனால் ஆளைத் தள்ளிக்கொண்டே போகும். திரும்பி வர விடாது.

கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே ஆசிரியரின் படகு கவிழ்ந்தது. நிமிர்த்தினார்கள். மறுபடி கவிழ்ந்தது. ஒரு பயிற்சியாளர் அவரோடு மல்லுக்கட்ட, இன்னொருவர் எட்டுப் பிள்ளைகளின் படகுகளையும் ஒன்றுசேர்த்து நிறுத்தினார். காற்று அந்தக் கூட்டத்தை அப்படியே கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அலை பெரிதானது. படகுக்குள் தண்ணீர் ஏறாமல் மூடும் உறை கிடையாது. ஒவ்வொன்றாக நிரம்பிக் கவிழ்ந்தன. அவசர வெளிச்சம் கொளுத்த வெடி இல்லை. வயர்லெஸ் இல்லை. பயிற்சியாளர்களிடம் இருந்தது ஆரம்பநிலைச் சான்றிதழ்தான்.

மத்தியானம் வர வேண்டியவர்கள் வரவில்லை. கரையோரக் காவலுக்குத் தகவல் போனது, மூன்று மணியும் தாண்டிய பிறகு. சாயங்காலம் ஹெலிகாப்டர் தேடி எடுத்தபோது அவர்கள் குளிர்ந்த கடலில் மணிக்கணக்காகக் கிடந்திருந்தார்கள். நாலு பேர் பிழைக்கவில்லை. பதினாறு, பதினேழு வயசு.

இதில் நெஞ்சைக் குத்துகிற விஷயம் பின்னால்தான் வெளியே வந்தது. அதே மையத்தில் வேலை பார்த்த இரண்டு பயிற்சியாளர்கள், பாதுகாப்பு சரியில்லை என்று முந்தின வருஷமே வேலையை விட்டுப் போயிருந்தார்கள். சும்மா போகவில்லை. நீங்கள் உஷாராகாவிட்டால் ஒருநாள் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டி வரும் என்கிற அர்த்தத்தில் நிர்வாக இயக்குநருக்குக் கடிதமும் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கடிதம் ஃபைலுக்குள் போனது. ஆபீஸில் வேலை பார்க்கும் நமக்குத் தெரியாததா, ஃபைலுக்குள் போன கடிதம் என்ன ஆகும் என்று!

அந்தக் கடிதம் கோர்ட்டில் கிளம்பி வந்தது. 1994-ல் தீர்ப்பு. இங்கிலாந்துச் சட்ட சரித்திரத்தில் முதல்முறையாக, ஒரு கம்பெனியே மரணத்துக்குக் காரணமான குற்றவாளி என்று முடிவானது. 60,000 பவுண்டு அபராதம். நிர்வாக இயக்குநருக்கு மூன்று வருஷம் ஜெயில்; மேல்முறையீட்டில் இரண்டாகக் குறைந்தது.

அதோடு விடவில்லை. பிளைமவுத் எம்.பி. டேவிட் ஜேமிசன் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1995-ல் சட்டமானது. பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பணம் வாங்கிக்கொண்டு மலைக்கோ, குகைக்கோ, தண்ணீருக்கோ, பாறை ஏறவோ அழைத்துப்போகும் மையங்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். யார் பயிற்சியாளர், என்ன தகுதி, ஆபத்து வந்தால் யார் யாருக்குப் போன் பண்ணுவார், எல்லாம் கேட்பார்.

கவனியுங்கள். இனிமேல் பிள்ளைகள் யாரும் கடல் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை.

★

நம்மூரில்?

2024, ஜனவரி 18. குஜராத்தில் வதோதரா நகரத்து ஹர்ணி ஏரி. பள்ளிக்கூடத்திலிருந்து பிக்னிக் வந்த பிள்ளைகளைப் படகில் ஏற்றினார்கள். அளவுக்கு மீறி ஆள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை. படகு கவிழ்ந்தது. 12 குழந்தைகள், 2 ஆசிரியைகள்.

2018, மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. இது நமக்கெல்லாம் இன்னும் ஆறாத வடு. மலையேறப் போனவர்கள் பள்ளி மாணவர்கள் அல்ல. பெரும்பாலும் உங்களையும் என்னையும் போல ஆபீஸ் போகிற இளைஞர்கள், இளம்பெண்கள். கோடை தொடங்கி, புல் காய்ந்து, காட்டுத்தீ பிடிக்கிற மாதம். தீ வளைத்துக்கொண்டது. இருபது பேருக்கு மேல் பலி.

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தமிழக அரசு விதிமுறை போட்டது. 2024-ல் வனத்துறையே பழங்குடி வழிகாட்டிகளை வைத்து 40 பாதைகளைத் திறந்தது. தீப்பிடிக்கும் பருவத்தில் மூடியும் வைக்கிறார்கள். உருப்படியான காரியம்.

ஆனால் பள்ளிக்கூடங்கள் விஷயத்தில் நம்ம வழக்கமே வேறு. விபத்து நடந்ததும் டி.வி.யில் நாலு நாள் கூக்குரல். உடனே ஒரு சர்க்குலர்: பள்ளிச் சுற்றுலாக்களுக்குத் தடை. ஆறு மாதம் கழித்து எல்லோரும் மறந்திருப்பார்கள். பஸ் மறுபடி கிளம்பும், அதே படகு, அதே பத்து லைஃப் ஜாக்கெட். தடை போடுவது சுலபம். அதற்கு ஒரு தாள் போதும். லைஃப் ஜாக்கெட்டை எண்ணுவதற்கு ஆள் போக வேண்டுமே!

2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையில் ஆறாவதிலிருந்து எட்டாவதுக்குள் பத்து நாள் 'பை இல்லா நாட்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். பை இல்லாமல் போகலாம். யாரோடு போவது?

போன நவம்பரில் என் அக்கா பையன் ஒரு தாளை நீட்டினான். ஒன்பதாவது படிக்கிறான். ஸ்கூலில் 'அட்வெஞ்சர் கேம்ப்'. ஒரு நாள். கட்டணம் நாலு இலக்கம். பாறை ஏறுதல், கயிற்றில் தொங்கிப்போதல், படகு. அத்தான் டூட்டியில் வெளியூர். "டேய், நீதான் விவரம் தெரிஞ்சவன், படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு" என்றாள் அக்கா.

படித்துப் பார்த்தேன். மெனு இருந்தது. வெஜ் பிரியாணி, கோபி மஞ்சூரியன், குலாப் ஜாமூன் இரண்டு. டி-ஷர்ட் நிறம் இருந்தது. கடைசியில் பொடி எழுத்தில், எந்த அசம்பாவிதத்துக்கும் பள்ளி நிர்வாகம் பொறுப்பாகாது என்பதைச் சம்மதித்து இத்தால் கையொப்பம். பயிற்சியாளர் யார் என்று ஒரு வரி இல்லை.

போன் போட்டேன்.

"எத்தனை பிள்ளைங்களுக்கு ஒரு பயிற்சியாளர் மேடம்?"

"சார், ஏசி பஸ் சார்."

"அது சரி. படகு ஏறுகிறார்களே, நீச்சல் தெரிஞ்ச ஆள் கூட வர்றாங்களா?"

"சார், சி.டி. குடுப்பாங்க சார். சாரி, பென் டிரைவ். போட்டோ எல்லாம் எடுத்து."

"பக்கத்துல ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர்?"

"ஏன் சார், பையனுக்கு உடம்பு சரியில்லையா?"

அந்த அம்மாள் மேல் தப்பில்லை. அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. நானூறு தாள், நானூறு கையெழுத்து, ஒரு கேள்வி கிடையாது. செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போனால் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகிறோம். ஆர்.சி. புத்தகம் பார்க்கிறோம், செயின் தட்டிப் பார்க்கிறோம், இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது என்று பார்க்கிறோம். பிள்ளையை அனுப்பும் தாளில் டி-ஷர்ட் சைஸ் மட்டும் கரெக்டாக எழுதிக் கொடுக்கிறோம்.

நீங்கள் அப்பாவோ, சித்தப்பாவோ, மாமாவோ, இப்படி ஒரு தாள் வந்தால் கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கூட்டிப்போகிற ஆள் இதே இடத்துக்கு இதற்கு முன்னால் இதே மாதத்தில் போயிருக்கிறாரா? மழை வந்தால், காற்று மாறினால், திரும்பிவிடலாம் என்று சொல்லும் அதிகாரம் யார் கையில்? லைஃப் ஜாக்கெட் தலைக்கு ஒன்று, பிள்ளை சைஸில் இருக்கிறதா? சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் யார், எத்தனை நிமிஷத்தில், யாருக்குப் போன் பண்ணுவார்கள்? மொபைல் டவர் எடுக்காத இடமென்றால் அதற்கு என்ன ஏற்பாடு? திரும்பிவிடும் அதிகாரம் பற்றிய கேள்விக்கு மட்டும் நேரான பதில் வந்தாலே பாதி நிம்மதி. பணம் வாங்கியாச்சு, பஸ் பிடிச்சாச்சு, பிள்ளைகள் ஆசையாக இருக்கிறார்கள், பாதியில் எப்படித் திரும்புவது? இந்த நினைப்புதான் ஆளைக் கொல்லும்.

நான் அந்தத் தாளின் பின்பக்கம் இந்தக் கேள்விகளை எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அக்கா பையன் பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. குலாப் ஜாமூன் இரண்டு போயிற்றே!

★

சமாதானம் பண்ண வேண்டுமே. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன்.

சென்னையில் 1988-லிருந்து மாணவர்கள் நடத்தும் ஒரு கடலாமைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. எஸ்.எஸ்.டி.சி.என். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வாக்கில் வரைக்கும், 'ஆலிவ் ரிட்லி' என்ற ஆமை முட்டையிடக் கரைக்கு வரும். தாய் ஆமை மணலில் ஒன்றரை அடிக்குக் குழி தோண்டி, பிங்பாங் பந்து மாதிரி நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். நாய் தோண்டும், ஆட்களும் எடுப்பார்கள். தப்பிப் பொரித்த குஞ்சுக்கு வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் கடல். நட்சத்திர வெளிச்சம் பட்டு மின்னும் அலையை நோக்கிப் போக வேண்டியது, நம்ம தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுக்கு வந்துவிடும். அதனால் இந்தப் பையன்களும் பெண்களும் ராத்திரி முழுக்கக் கரையோரம் நடந்து, முட்டைகளைத் தேடி எடுத்து, வேலி போட்ட மணல்வெளியில் அதே ஆழத்தில் புதைத்துக் காவல் காக்கிறார்கள். நாற்பத்தைந்து நாள் சுமாருக்குப் பொரித்ததும் கடலில் விடுகிறார்கள்.

மலை வேண்டாம், கயிறு வேண்டாம், படகு வேண்டாம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் நடக்கக் கால் வேண்டும், அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முன்னால் காலேஜ் மாணவர் ஒருவர் வகுப்பு எடுத்தார். அப்புறம் கறாராக விதிகள். டார்ச் கிடையாது. மொபைல் திரை கிடையாது. பேச்சு கிடையாது. முன்னால் போகிறவரைத் தாண்டக் கூடாது. தலை எண்ணினார். பாதியில் முடியாதவர்கள் எங்கே, எப்படிப் பிரிந்து போகலாம் என்று முன்கூட்டியே சொன்னார். அந்த ஸ்கூல் போனில் நான் கேட்டதற்கெல்லாம், கேட்காமலே பதில்! இருபது வயசுதான் இருக்கும் அவருக்கு.

முதல் அரை மணி அக்கா பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். மணலில் நடப்பது ரோட்டில் நடப்பது மாதிரி இல்லை, கெண்டைக்கால் கெஞ்சும். இருட்டு பழகப் பழக, அலை நுரை தெரிந்தது, நண்டு ஓடுவது தெரிந்தது. ட்ராக்டர் டயர் போன மாதிரி மணலில் தடம் இருந்தால் அது ஆமைத் தடம் என்று சொல்லியிருந்தார்கள். குனிந்தபடியே தேடிக்கொண்டு வந்தான்.

அன்றைக்குத் தடம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு செத்த ஆமை. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, தாழி மாதிரி கவிழ்ந்து கிடந்தது.

மாணவர் பையிலிருந்து டேப்பை எடுத்தார். ஓட்டை அளக்க வேண்டுமாம். செத்ததையும் கணக்கு எழுதுகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் இப்படி நூற்றுக்கணக்கில் ஒதுங்கியதே, அந்தக் கணக்கு நமக்குத் தெரிந்ததும் இப்படி நடந்து நடந்து எண்ணியவர்களால்தான். "தம்பி, இந்த முனையைப் பிடி" என்றார். நாற்றம். இவன் வீட்டில் காபி டம்ளரைக் கூடக் கழுவ வைக்காத பிள்ளை. பிடித்தான்.

"யாருண்ணா கொன்னது?"

"வலையில மாட்டிக்கிச்சுன்னா மேல வந்து மூச்சு விட முடியாது. இழுவைப் படகு கரையிலேர்ந்து அஞ்சு கடல் மைலுக்கு உள்ள வரக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"அப்ப வந்திருக்காங்க?"

"இருக்கலாம்."

"யாரும் கேக்க மாட்டாங்களா?"

மாணவர் பதில் சொல்லாமல் அளவை எழுதிக்கொண்டார். இவன் கையை மணலில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, பெசன்ட் நகர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. விடிகாலை நாலு மணிக்கு டீக்கடையில் பன்னை நனைத்தபடி, "மாமா, அடுத்த சனிக்கிழமையும் வரலாமா?" என்றான்.

திங்கட்கிழமை அவனுக்குக் கணக்குப் பரீட்சை. அக்காவிடம் யார் சொல்வது என்றுதான் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.